எட்டு ஜி.பி.க்கு ஒரு சண்டை

விடிந்ததிலிருந்து விர்தாவால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. சர்வர் அறைக்குப் போனாள், கவுன்டருக்கு வந்தாள், கவுன்டரில் எதற்கு வந்தோம் என்பது மறந்துபோய் மறுபடி சர்வர் அறைக்குப் போனாள். நோன்பு வைத்த நாக்கு மேலண்ணத்தில் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

பாடாங் பைபாஸ் ரோட்டில் இருக்கும் லிம்பாகோ பஸ் கம்பெனி டெப்போவில் அன்று வாசல்வரை கூட்டம். பெருநாளுக்கு ஜகார்த்தாவிலிருந்து ஊர் திரும்பும் பஸ்களுக்கு இன்று காலைதான் டிக்கெட் திறப்பு. தானா அபாங் சந்தையில் துணிக்கடை வைத்திருக்கும் பிள்ளைகள் அங்கே செல்போனைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். அவர்களைப் பெற்றவர்கள் இங்கே பிளாஸ்டிக் நாற்காலி பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். அவனுக்குக் கிடைக்காவிட்டால் நமக்காவது கிடைக்கட்டும் என்ற எண்ணம்.

இன்று சறுக்கினால் என்ன ஆகும் என்பது விர்தாவுக்குத் தெரியும். மாக் டாங் போன வாரமே சொல்லிவிட்டார்.

மாக் டாங் என்றால் அவளுடைய தாய்மாமன் சோஃப்யான். மினாங் இனக் குடும்பங்களில் வீடும் தொழிலும் பெண்கள் பேரில் இருக்கும், பேச்சு மட்டும் தாய்மாமன் வாயில் இருக்கும். கம்பெனி அம்மா ஹஸ்னிதார் பேரில். முழங்கால் வலியோடு அம்மா புக்கித்திங்கி வீட்டில் இருக்க, டெப்போவுக்கு வந்து அதிகாரம் செய்வது மாக் டாங்.

"உன் சர்வரை நீ கட்டிக்கிட்டு அழுதது போதும். ஜகார்த்தா கம்பெனிக்காரன் டிக்கெட் வேலை முழுக்க தான் பார்த்துக்கறேன்கறான். குடுத்துட்டு நிம்மதியா இருப்போம்," என்றார் அவர். அம்மாதான் போனில் குறுக்கே வந்தாள். "இந்தப் பெருநாள் விற்பனையை விர்தா நடத்திக் காட்டட்டும். அப்புறம் பேசலாம்."

அந்த ஜகார்த்தா கம்பெனியின் ஆள், விபோவோ என்பவர், இன்று காலையே வந்து மேலே அலுவலக அறையில் மாக் டாங்கோடு உட்கார்ந்திருந்தார். வேடிக்கை பார்க்க.

ஒன்பது மணிக்கு டிக்கெட் திறந்தது. கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நொண்டியது.

"உனி, ஸ்கிரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு," என்று அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே கவுன்டர் பெண் ரெஸ்தி ஓடி வந்தாள். "ஜனங்க என்னைத் திங்கற மாதிரி பாக்கறாங்க."

"நோன்புல யாரும் திங்க மாட்டாங்க. போய் சிரிச்சிக்கிட்டு உட்காரு."

சொல்லிவிட்டு விர்தா சர்வர் அறைக்குள் ஓடினாள்.

உள்ளே ஹெந்திரி இருந்தான். அவளுக்கு ஐந்து வயது இளையவன். பாத்தாம் தீவில் ஓர் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் சர்வர்களைப் பார்த்துக்கொண்டிருந்தவன். தொழிற்சாலை மூடியதும் ஒரே ஒரு பையோடு ஊர் திரும்பினான். வெளியூர் போன ஆண்பிள்ளை வெறுங்கையோடு வந்தால் இங்கே யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். கேட்காமலே பார்ப்பார்கள். வளர்ந்த மகன் அக்காவும் அத்தானும் இருக்கும் வீட்டில் படுப்பதும் வழக்கமில்லை. டெப்போவில் டிரைவர்கள் ஓய்வெடுக்கும் அறையில்தான் நாலு மாதமாகப் படுக்கிறான்.

சர்வர் என்னவோ ஒன்றுதான். ஆனால் அதற்குள் மூன்று கணினிகள் தனித்தனியாக ஓடுவதுபோல விர்தா பிரித்து வைத்திருந்தாள். விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் மாதிரி. ஒன்று டிக்கெட் விற்கும். ஒன்று சம்பளக் கணக்குப் பார்க்கும். மூன்றாவது ஹெந்திரியுடையது. எதற்கு எத்தனை பிராசசர், எதற்கு எவ்வளவு மெமரி என்று பங்கு வைப்பது விர்தா. சம்பளக் கணக்கைக் காலையிலேயே அணைத்து அதன் பங்கை டிக்கெட்டுக்குக் கொடுத்தாயிற்று. அதுவும் போதவில்லை.

"உன் மெஷின்லேருந்து எட்டு ஜி.பி. மெமரி குடு," என்றாள்.

"முடியாது, உனி."

"நான் கேக்கல. சொல்றேன்."

"சொல்றதா இருந்தா நீ இங்க வந்திருக்கவே மாட்டே. பாஸ்வேர்ட் உன்கிட்டதானே இருக்கு. ஒரு தட்டு தட்டி எடுத்திருக்கலாம்."

அது உண்மை. உண்மையாக இருந்ததால் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

"வெளிய எத்தனை பேர் நிக்கறாங்கன்னு பாத்தியா?"

"நீ வெளிய என்ன மழைன்னு பாத்தியா?" ஹெந்திரி தன் திரையை அவள் பக்கம் திருப்பினான். மலைப் பாதையின் படத்தின்மேல் ஐந்து பச்சைப் புள்ளிகள். "சித்தின்ஜாவ்ல நம்ம வண்டி அஞ்சு இருக்கு. மூணு ஏறுது, ரெண்டு இறங்குது."

சித்தின்ஜாவ் என்ற பேரைச் சொன்னால் அந்தக் குடும்பத்தில் பேச்சு நின்றுவிடும். சொலோக்கிலிருந்து பாடாங்குக்கு இறங்கும் அந்தச் செங்குத்தான வளைவில்தான் நாலு வருஷத்துக்கு முன் அப்பாவின் பஸ் பிரேக் பிடிக்காமல் போனது. அப்பா இந்தக் கம்பெனியின் டிரைவர். பயணிகள் எல்லாரும் பிழைத்தார்கள்.

ஹெந்திரி திரும்பி வந்ததும் செய்த முதல் வேலை இந்த மெஷின். ஒவ்வொரு பஸ்ஸும் எங்கே, என்ன வேகத்தில் போகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். முன்கண்ணாடி கேமராவையும் பார்க்கும். வளைவில் வேகம் மீறினால் டிரைவரின் காதருகே ஒரு குரல் வரும்: "உடா, மெதுவா." உடா என்றால் அண்ணன். குரல் விர்தாவுடையது. தம்பி கெஞ்சியதால் ஒரு மத்தியானம் பேசிக் கொடுத்தது. டிரைவர்கள் அதற்கு பிரேக் உனி என்று பேர் வைத்து, சாப்பாட்டு நேரத்தில் அவள் முன்னாலேயே நடித்துக் காட்டுவார்கள்.

"கேமராவை மட்டும் நிறுத்து. வேகம் பாக்கறதுக்கு அவ்வளவு மெமரி வேண்டாமில்ல?" விர்தா குரலைத் தணித்தாள்.

"வேண்டாம். ஆனா மெமரியை மாத்தணும்னா மெஷினை அணைச்சாகணும். ஓடும்போதே மாத்தற வசதியை நீ ஆரம்பத்துல டிக் பண்ணாம விட்டுட்டே. அணைச்சு ஏத்தற நேரம் அந்த அஞ்சு வண்டியையும் யாரும் பாக்க மாட்டாங்க."

"கொஞ்ச நேரம்தானே?"

"அப்பாவுக்கும் கொஞ்ச நேரம்தான், உனி."

கூரைத் தகரத்தில் மழை இரைந்தது. செல்போன் அவள் கையில் அதிர்ந்தது. மாக் டாங். எடுக்கவில்லை.

ஹெந்திரிதான் நாற்காலியை இழுத்து அவள் திரைக்கு முன்னால் போட்டான். "உனக்குக் குறையறது மெமரி மட்டும் இல்ல. டிக்கெட் மெஷினுக்கு எத்தனை பிராசசர் குடுத்திருக்கே?"

"பதினாறு. இருக்கற எல்லாத்தையும்."

"எப்ப?"

"நேத்து. பயமா இருந்துச்சு. மாக் டாங் வேற..."

"எனக்கு ஒரு எட்டு குடுத்திருக்கே. பெட்டிக்குள்ள இருக்கறதே பதினாறு. உன் மெஷினும் என் மெஷினும் ஒரே பிராசசருக்கு அடிச்சிக்கிட்டு முறை வர்றவரைக்கும் சும்மா நிக்குது. இந்த நம்பரைப் பாரு. வேலை செய்யற நேரத்தைவிட காத்துக்கிட்டு நிக்கற நேரம் ஜாஸ்தி. உன்னோடதை எட்டாக் குறை."

"குறைச்சா வேகமா ஓடுமா? நோன்பு மயக்கமாடா உனக்கு?"

"பாத்தாம்ல ஒரு ராத்திரி பூரா லைன் நின்னு போச்சு. எங்க சூப்பர்வைசர் பிராசசரைக் கூட்டிக்கிட்டே போனான். கடைசில குறைச்சப்புறம்தான் ஓடுச்சு. நம்பு."

அவள் அந்த எண்ணை மறுபடி பார்த்தாள். அவன் சொன்னது சரி என்று தெரிந்தது. தன் பயத்தில் தானே மெஷினின் கழுத்தை நெரித்திருக்கிறோம் என்றும் தெரிந்தது.

"சரி," என்றாள். "பிராசசரைக் குறைக்கறதையும் மெமரி ஏத்தறதையும் ஒரே தடவையா செய்யணும். ரெண்டு தடவை அணைச்சா ஜனங்க அவ்வளவுதான், போயிடுவாங்க. உன் வண்டியெல்லாம் எங்கயாவது நிக்கச் சொல்லு. நின்னதும் ரெண்டையும் சேர்த்து அணைப்போம்."

ஹெந்திரி அவளைப் பார்த்தான். பிறகு செல்போனை எடுத்தான்.

"உடா, வண்டியை ஓரமா நிறுத்துங்க. ஆமா, அந்த டீக்கடைகிட்டயே. கொஞ்ச நேரம்."

மறுமுனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. "நோன்பு வச்சவனை டீக்கடை முன்னாடி நிறுத்தறியே, பூயுங், சின்னப் பயலே, உனக்கு ஈவிரக்கம் இருக்கா?"

ஒவ்வொருவராக நின்றார்கள். திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக அசைவற்றுப் போயின. நாலு. ஐந்தாவது மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது. ஜகார்த்தாவிலிருந்து வரும் வண்டி. டிரைவர் மார்லிஸ்.

ஹெந்திரி கூப்பிட்டான். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி மறுபடி கூப்பிட்டான்.

"எடுக்க மாட்டேங்கறார்."

கதவு திறந்தது. மாக் டாங் நின்றார். விரலில் இருந்த பெரிய பச்சைக் கல் மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். அவர் கோபத்தை அந்த மோதிரத்தில்தான் முதலில் பார்க்க முடியும். பின்னால் விபோவோ, மடிப்புக் கலையாத சட்டையோடு.

"போனை எடுக்கற பழக்கம் விட்டுப் போச்சா, விர்தா? கீழ ஒரு கிழவர் கவுன்டர் கண்ணாடியில தட்டறார்."

"மாக் டாங், சரி பண்றதுக்கு வழி கிடைச்சிருச்சு. ஒரு வண்டி வளைவைத் தாண்டட்டும். உடனே பண்ணிடறேன்."

"எதுக்கு வண்டி தாண்டணும்?"

அவள் சொன்னாள். மாக் டாங்குக்குப் பாதி புரிந்தது. விபோவோவுக்கு முழுக்கப் புரிந்தது.

"ம்பா விர்தா," என்று ஜகார்த்தா பாணியில் மரியாதையாகக் கூப்பிட்டார் அவர், மெல்லிய குரலில். "எங்க இடத்துல இதை ஓடும்போதே மாத்திடுவோம். யாரையும் நிறுத்த வேண்டியதில்லை."

"கேட்டியா?" என்றார் மாக் டாங். "அணை. ரெண்டு நிமிஷ வேலைக்கு பெருநாள் பிறை பாக்கற மாதிரி உக்காந்திருக்கே. மார்லிஸ் நேத்து ஓட்டக் கத்துக்கிட்டவனா? இருபது வருஷமா அந்த மலையில இறங்கறவன்."

விர்தாவின் கை மவுஸின்மேல் இருந்தது. அணைக்கும் பொத்தான் திரையில் இருந்தது. சின்ன வயதிலிருந்து மாக் டாங் சொல்லி அவள் செய்யாதது எதுவும் இல்லை. படிப்பு, கல்யாணம், இந்த வேலை, எல்லாம் அவர் தலையசைத்த பிறகு நடந்தவைதான். ஹெந்திரி அவளைப் பார்க்கக்கூட இல்லை, புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தாண்டட்டும், மாக் டாங்," என்றாள்.

"என்ன?"

"வண்டி தாண்டட்டும்."

மோதிரம் சுழல்வது நின்றது. அந்த நேரத்தில்தான் புள்ளி சிவப்பானது. மேஜைமேல் இருந்த ஸ்பீக்கரில் விர்தாவின் குரலே வந்தது: "உடா, மெதுவா." சற்று விட்டு மறுபடி: "உடா, மெதுவா." பதிவு செய்த அன்று சிரித்துக்கொண்டே பேசியிருக்கிறாள். அந்தச் சிரிப்பும் இப்போது சேர்ந்து கேட்டது.

புள்ளி வளைவின் உள்பக்கம் ஒட்டி ஊர்ந்தது. மறுபடி பச்சையானது. பாலத்தைத் தாண்டி சமதரைக்கு வந்தது.

ஹெந்திரியின் செல்போன் அடித்தது. "என்னடா பூயுங், ஏழு தடவை கூப்பிட்டிருக்கே? உங்கம்மாவுக்கு ஏதாவது..."

"ஒண்ணுமில்ல உடா. டெப்போவுக்கு வாங்க."

அக்காவும் தம்பியும் திரைகளுக்குத் திரும்பினார்கள். அவன் தன் மெஷினை அணைத்தான். அவள் டிக்கெட் மெஷினை அணைத்தாள். கீழேயிருந்து ஒரு பெரிய முனகல் கேட்டது. பதினாறை எட்டாக்கினாள். அவன் மெமரியில் எட்டு ஜி.பி.யைக் குறைத்து டிக்கெட்டுக்கு ஏற்றினாள். இரண்டையும் கிளப்பினாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் ஒவ்வொரு வரியாக வர, விர்தா தன் கட்டை விரல் நகத்தைக் கடித்தாள். கடித்த பிறகுதான் நோன்பு நினைவு வந்து கையை எடுத்தாள்.

"உனி!" கீழேயிருந்து ரெஸ்தி கத்தினாள். "ஓடுது! உனி, வட்டம் நின்னுருச்சு!"

பகல் தொழுகைக்கு முன்பே டிக்கெட் முழுக்க விற்றுத் தீர்ந்தது. நின்றிருந்த பஸ்கள் மலையில் மறுபடி நகர்ந்தன. கண்ணாடியைத் தட்டிய கிழவர் மகனுக்கும் மருமகளுக்கும் ஒரு பேரனுக்கும் இடம் வாங்கிக்கொண்டு, தட்டியதற்கு மன்னிப்புக் கேட்டு, ரெஸ்தியின் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் திணித்துவிட்டுப் போனார்.

மார்லிஸ் வந்ததும் நேரே சர்வர் அறைக்கு ஏறினார். "எதிர்ல ஒரு லாரி தடுமாறிச்சு. பிரேக் உனி கத்தறதுக்கு முன்னாடியே நான் பிரேக்குல காலை வச்சாச்சு," என்று அடித்துச் சொன்னார். பிறகு கதவருகே நின்று, "ஆனாலும் கத்தட்டும்," என்றார்.

சாயங்காலம் மேலே அலுவலக அறையில் நோன்பு திறக்க உட்கார்ந்தார்கள். பேரீச்சம்பழம், இளநீர், கிண்ணம் கிண்ணமாகக் கம்பியூன் என்ற இனிப்புக் கஞ்சி. பாங்கு சொன்னதும் மாக் டாங் முதலில் விர்தாவின் பக்கம் தட்டை நகர்த்தினார். அவர் பாராட்டுவது அப்படித்தான். அவளுக்கு நாள் முழுக்க இறுகியிருந்த தோள் கொஞ்சம் இறங்கியது.

விபோவோ வாயைத் துடைத்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார், மாஸ் என்று மரியாதை வைத்து ஹெந்திரியைக் கூப்பிட்டார்.

"மாஸ் ஹெந்திரி, நீங்க செஞ்ச மெஷினை இன்னிக்குத்தான் பாத்தேன். எங்ககிட்ட நானூறு பஸ் இருக்கு. ஜகார்த்தா வாங்க. நல்ல வேலை, தங்க இடம் எல்லாம் தர்றோம்."

மாக் டாங்கின் முகம் மலர்ந்தது. வெறுங்கையோடு வந்த மருமகனை ஜகார்த்தா கூப்பிடுகிறது. "போடா," என்றார். "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"ஒரே ஒரு நிபந்தனை," என்றார் விபோவோ. "மெஷின் எங்களோடது ஆயிடும். இங்க அதோட காப்பி இருக்கக் கூடாது."

விர்தா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்ப நம்ம வண்டிகளை யாரு பாப்பாங்க? இவன் வரமாட்டான், பாக் விபோவோ. அவனுக்கு..."

"எனக்காக நீ பேசாதே, உனி." ஹெந்திரியின் குரல் உயரவில்லை. ஆனால் அவள் நிறுத்திக்கொண்டாள். "போகணுமா வேண்டாமான்னு யாராவது என்னைக் கேட்டீங்களா? ஒருத்தர் போங்கறார், ஒருத்தி போகாதேங்கறா."

"சரி, கேக்கறேன். போகணுமா?" என்றாள் விர்தா.

அவன் கிண்ணத்தைப் பார்த்தான். "போகணும். டிரைவர்ங்க அறையில எத்தனை நாள் படுக்கறது? போகணும்னுதான் இருக்கு." பிறகு விபோவோவிடம் திரும்பினான். "வர்றேன், பாக். ஆனா மெஷினை இங்கேருந்து எடுக்க மாட்டேன். உங்களுக்கு வேற ஒண்ணு, இதைவிட நல்லதா செஞ்சு தர்றேன்."

விபோவோ சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை. "மாஸ், மெஷின் இல்லாம நீங்க எங்களுக்கு எதுக்கு?"

ஹெந்திரியின் காது மடல் சிவந்ததை விர்தா பார்த்தாள். சின்னப் பிள்ளையில் பள்ளிக்கூடத்தில் அடிவாங்கிக்கொண்டு வரும்போதும் அவனுக்கு முதலில் காதுதான் சிவக்கும்.

மாக் டாங் கரண்டியைக் கீழே வைத்தார்.

"பாக் விபோவோ, உங்க காரை எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"கீழதான். ஏன்?"

"மழை விட்டிருக்கு. இப்பவே கிளம்பினா ஹோட்டலுக்கு நனையாம போகலாம். என் தங்கச்சி மகனைப் பாத்து என் முன்னாடி வச்சு எதுக்குன்னு கேட்ட வாய்க்கு, இதுக்கு மேல நான் கஞ்சி ஊத்த முடியாது."

விர்தாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை வருஷத்தில் மாக் டாங்கின் மேல் இவ்வளவு பிரியம் அவளுக்கு வந்ததில்லை.

விபோவோ நிதானமாக எழுந்தார். சட்டையை நீவிவிட்டுக்கொண்டார்.

"போறேன், பாக் சோஃப்யான். பெருநாள் முடிஞ்ச மறுநாள் எங்க ஆளுங்க சர்வரை எடுக்க வருவாங்க. அறைச் சாவியை மட்டும் தயாரா வைக்கச் சொல்லுங்க." விர்தாவைப் பார்த்துத் தலையசைத்தார். "ஓ, இவங்ககிட்ட இன்னும் சொல்லலையா? நாமதான் போன வாரமே பேசி முடிச்சிட்டோமே."

படியில் அவர் இறங்கும் சத்தம் கடைசிப் படிவரை கேட்டது.

"மாக் டாங்?" என்றாள் விர்தா.

அவர் மோதிரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"போன வாரமேவா? அப்ப இன்னிக்கு நான் ஓடினது? அம்மா என்ன சொன்னாங்க, நான் நடத்திக் காட்டினா அப்புறம் பேசலாம்னு... நீங்க அம்மாகிட்ட மறைச்சு..."

"மறைக்கல," என்றார் மாக் டாங். "போன்ல அப்படிச் சொன்னது உன் மனசு நோகக் கூடாதுன்னு. விபோவோவைக் கூப்பிட்டு எல்லாத்தையும் குடுத்திடச் சொன்னதே உங்கம்மாதான்."